மீடியம் என்று ஒருத்தி

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் அவள் கொஞ்சம் திணறுவாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை என்பாள். தையலா? இல்லை. வெட்டா? இல்லை. இஸ்திரியா, பொத்தானா, கணக்கா? எதுவும் இல்லை. பிறகு அங்கே என்னதான் செய்கிறாய் என்று கேட்கிறவர்களுக்கு, "நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவளே மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரிப்பாள். அது பொய்யில்லை. மூன்றாம் மாடியில், கழிவறைக்கு அடுத்த சாம்பிள் அறையில், முழங்கால் உயர மரப்பெட்டி ஒன்று இருந்தது. காலையில் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நிற்பாள். மாஸ்டர் புதிதாக வரைந்து வெட்டிய உடுப்பை அவள்மேல் மாட்டுவார். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அவளைச் சுற்றி வருவார். இங்கே கொஞ்சம் பிடிப்பார், அங்கே கொஞ்சம் விடுவார், சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவார். அவள் உடம்பில் ஓர் உடுப்பு சரியாக உட்கார்ந்துவிட்டால், அந்த அளவைக் கொஞ்சம் பெருக்கியும் கொஞ்சம் சுருக்கியும் ஆயிரக்கணக்கில் வெட்டித் தைத்து, பார்த்தேயிராத குளிர் நாடுகளுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். அவள் அளவு நடு அளவு. அதனால் அவளுக்கு மீடியம் என்று பெயர். வாசல் காவலாளி முதல் முதலாளி வரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது.

நிற்பதற்கு ஆள் எதற்கு, ஒரு கட்டை போதாதா என்று கேட்கலாம். போதாது. கட்டைக்கு வாய் கிடையாது. ஊசியெல்லாம் குத்தி முடித்ததும் மாஸ்டர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எங்கேயாவது இறுக்குதா?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவளுக்குச் சம்பளம். மற்ற நேரம் நிற்பதெல்லாம் அந்தப் பதிலுக்கு முன்னுரை. இப்படிப்பட்ட வேலைக்கு, உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, எங்கே வலித்தாலும் வாயைத் திறக்காதவள் ஒருத்தியைத் தேடிப் பிடித்து வைத்திருந்தார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. பெரிய தவறுகளுக்கெல்லாம் திட்டம் தேவைப்படுவதில்லை.

முதலில் அவள் பொத்தான் சரிபார்க்கும் மேசையில்தான் இருந்தாள். பெட்டிமேல் நின்றுகொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட, மாஸ்டர் அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு விரலை நீட்டினார். அவள் எழுந்து போனாள். ஆரம்பத்தில் ஒருமுறை, கழுத்து கொஞ்சம் அழுத்துகிறது என்று சொல்லிப் பார்த்தாள். மாஸ்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குப் பழகிப்போயிருக்கும். அவர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு தொழிற்சாலையில் பேர் போனது. வீடு எரிந்து, வயல் மூழ்கி, பிள்ளையும் கைவிட்ட மனிதர் விடுகிற மூச்சு அது. பிறகு ஒவ்வோர் ஊசியாகப் பிடுங்கி டப்பாவில் போட்டார். சாயங்காலம்வரை யாரோடும் பேசவில்லை. ஒரு கழுத்துப்பட்டிக்காக ஒரு மனிதர் இவ்வளவு துக்கப்பட வேண்டுமா என்று அவள் யோசித்தாள். அடுத்த நாள் அதே கழுத்துப்பட்டி வந்தபோது தாடையைக் கொஞ்சம் தூக்கி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். "இறுக்குதா?" என்றார். "இல்லை மாஸ்டர்" என்றாள். அவர் முகத்தில் விளக்குப் போட்டதுபோல இருந்தது. அந்த வெளிச்சத்துக்காக அவள் அதன்பிறகு எவ்வளவோ செய்தாள்.

இடுப்பு இறுக்கினால் மூச்சைப் பாதியில் நிறுத்துவாள். முதுகு இறுக்கினால் தோள்கள் இரண்டையும் முன்பக்கம் உருட்டிக்கொள்வாள். கையைத் தூக்கச் சொன்னால் தோளை அசைக்காமல் முழங்கையிலிருந்து தூக்குவாள். பார்க்கிறவர்களுக்கு முழுக் கையும் தூக்கியதுபோலவே இருக்கும். போகப்போக இதற்கெல்லாம் யோசிக்கவேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. துணி மேலே விழுந்ததும் உடம்பு தானாக வழிவிட்டது. உடுப்பை அவளுக்குப் பொருத்துவது போய், அவள் உடுப்புக்குப் பொருந்தத் தொடங்கியிருந்தாள். மாஸ்டர் வெளியில் பெருமையடித்துக்கொண்டார்: "என் கை அப்படி. முதல் வெட்டிலேயே உட்காந்துரும்."

இந்த வித்தையை அவள் தொழிற்சாலையில் கற்றாள் என்று சொன்னால் வீட்டுக்கு அநியாயம் செய்வதாகும். அவள் அக்கா வீட்டில் இருந்தாள். அப்பா அம்மா போனபிறகு அக்காதான் வளர்த்தாள். அக்கா நல்லவள். அதுதான் சிக்கல். கெட்டவளாக இருந்தால் ஒருநாள் சண்டை போட்டுப் பெட்டியைக் கட்டியிருக்கலாம். நல்லவளிடம் எந்த முகத்தோடு சண்டை போடுவது? சாப்பாட்டுத் தட்டில் எது விழவேண்டும், எந்த நிறத்தில் சட்டை எடுக்கவேண்டும், வந்த வரன்களில் யாரை வேண்டாம் என்று சொல்லவேண்டும், எல்லாவற்றையும் அக்காவே பார்த்துக்கொண்டாள். விருந்தாளிகள் வந்தால் பெருமையாகச் சொல்வாள்: "என் தங்கச்சியால ஒரு தொந்தரவும் கிடையாது. இருக்கறதே தெரியாது." அவளும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வாள்.

வீட்டில் அவளுக்கென்று பின்னறை ஒன்று இருந்தது. ஒரு கட்டில், ஓர் ஆணி, பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்த ஒரு ஜன்னல். அக்கா மகள் பெரிய வகுப்புக்கு வந்துவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு படிக்க அவளுக்கு ஓர் அறை வேண்டும். ஆகவே கட்டிலை, செருப்பு ஸ்டாண்டும் தண்ணீர்க் குடங்களும் இருக்கிற நடைவழிக்கு மாற்றிவிடலாம் என்று அக்கா முடிவு செய்தாள். முடிவு செய்தபிறகு கேட்டாள். "உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்னக்கா."

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வீட்டில் இருப்பார், அன்றைக்குத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று பேச்சு முடிந்தது.

அந்த வாரம்தான் கோட்டுகள் திரும்பி வந்தன.

சாம்பல் நிறத்தில் இடுப்பளவுக் குட்டைக் கோட்டு. மாஸ்டர் வாழ்நாளில் வரைந்த கோட்டுகளிலேயே இதுதான் அழகு என்று அவரே சொன்னது. தோளோடு கை சேருகிற இடத்தை ஒரு சுருக்கமில்லாமல் ஒடுக்கமாக வளைத்திருந்தார். முதன்முதலாக அதை அவள்மேல் மாட்டியபோது அக்குளில் கத்தி வைத்ததுபோல இருந்தது. துணி கனமான துணி, நெகிழாது. மாஸ்டர் இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இறுக்குதா என்று கேட்டார். அவள் தோள்கள் கேள்வி வருமுன்னே முன்னால் உருண்டிருந்தன. முதலாளியும் மேலே வந்து பார்த்துவிட்டு, படத்தில் இருப்பதுபோல இருக்கிறது என்றார். கோட்டு கப்பலேறியது.

வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள் இவள் அளவுக்கு மரியாதை தெரிந்தவர்களாக இல்லை. பேருந்தில் கம்பியைப் பிடித்தார்கள். மேல்தட்டில் இருந்த சாமானை எடுத்தார்கள். எதிர்ப்பக்கம் போன சிநேகிதனைப் பார்த்துக் கையாட்டினார்கள். கோட்டு அக்குளில் கிழிந்தது. ஒன்றிரண்டு இல்லை, பெட்டி பெட்டியாக.

கிழிந்தது தையலில். கோட்டில் கையை வைத்துத் தைத்தவள் யார்? அவளைக் கைக்காரி என்பார்கள். உடுப்போடு கைகளைச் சேர்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள அந்த வரிசையில் ஆள் கிடையாது. வாயும் அப்படித்தான், எதிரே இருப்பவர் யாரென்று பார்க்காது. மீடியத்துக்கு உலகத்தில் சிநேகிதி என்று இருந்தது இந்தக் கைக்காரி ஒருத்திதான். இருவரும் மதியம் மாடிப்படி வளைவில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார்கள். ஒருத்தி பேசுவாள், ஒருத்தி கேட்பாள். பேச்சில்லாதவளுக்கும் பேச்சு அடங்காதவளுக்கும் இவ்வளவு பொருத்தம் வேறெங்கும் அமையாது.

முதலாளி ஒரு கிழியாத கோட்டை எடுத்துக்கொண்டு சாம்பிள் அறைக்கு வந்தார். மாஸ்டர் வெளிறிப்போய் நின்றிருந்தார். "மீடியம், மாட்டு" என்றார் முதலாளி. அவள் பெட்டிமேல் ஏறினாள். கோட்டு மேலே விழுந்தது. உடம்பு வழிவிட்டது. முன்னால் பார்த்தார்கள், பின்னால் பார்த்தார்கள், கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினாள். ஒரு சுருக்கமில்லை. முதலாளி நிதானமாகக் கணக்குப் போட்டார். துணியில் குறையில்லை. வெட்டில் குறையில்லை. ஆள்மேல் போட்டுப் பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது தையல். கைக்காரி சனிக்கிழமையோடு நின்றுகொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

பெட்டிமேல் நின்றவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் எதுவும் சொல்லவில்லை, யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, வழக்கம்போல நின்றாள். அந்த நிற்பே ஒருத்தியின் வேலையைப் பிடுங்கிக்கொண்டது. தொந்தரவே தராமல் இருப்பதாக அவள் நம்பியிருந்த வாழ்க்கையில், தொந்தரவு இத்தனை நாளும் வேறு யார் தலையிலோ போய் விழுந்துகொண்டிருந்ததோ என்று ஒரு சந்தேகம் வந்தது.

அன்றைக்கு மதியம் கைக்காரி டப்பாவைத் திறக்கவே இல்லை. அவள் புருஷனுக்கு உடம்பு முடியாது, வீட்டில் வருகிற வருமானம் இது ஒன்றுதான். "என் தையல் கிழியாதுடி" என்றாள். "துணி கிழியும், நான் போட்ட தையல் கிழியாது. அதுக்கு மேல எவனோ இழுத்திருக்கான். எந்தக் கடன்காரன் கோட்டு அதுன்னு தெரிஞ்சா அவன் வாயையும் சேர்த்துத் தைச்சிருவேன்."

மீடியம் தன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. வந்தது வழியிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் மாஸ்டரிடம் போனாள். அவர் தனியாக இருந்தார்.

"மாஸ்டர், அது இறுக்கிச்சு."

"எது?"

"கோட்டு. கைகிட்ட."

அவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். "நான் கேட்டேனே."

"கேட்டீங்க."

"நீ இல்லைன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"அப்போ இறுக்கலை" என்றார் மாஸ்டர். இதில் விவாதிக்க எதுவும் இல்லை என்பதுபோலப் பென்சிலைச் சீவினார். பிறகு குரலை இறக்கி, கனிவாகவே சொன்னார், அவளுக்கு நல்ல மனசு, கைக்காரிக்காகப் பழியைத் தன்மேல் இழுத்துக்கொள்ளப் பார்க்கிறாள், இதெல்லாம் அவருக்குப் புரிகிறது, ஆனால் தொழில் விஷயத்தில் அவள் தலையிடக்கூடாது. "பாவம், உனக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்றார்.

அவள் திரும்பி நடந்தாள். அக்கா மகள் உடைத்த கண்ணாடி, அத்தான் மறந்த சாவி, அக்கா தீய்த்த பாத்திரம் என்று வாழ்க்கையில் எத்தனையோ பேர் செய்த தப்பை அவள் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள். அவளிடமிருந்து அதையெல்லாம் எல்லாரும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். இப்போது முதல்முறையாக, உள்ளபடியே அவளுடையதான தப்பு ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தால் வாங்குவதற்கு ஆளில்லை. தப்புச் செய்வதற்குக்கூட ஓர் ஆளாக இருந்தாகவேண்டும். அவளை ஓர் ஆள் என்று யாரும் கணக்கில் வைத்திருக்கவில்லை. அவளும் வைத்திருக்கவில்லை என்பதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

வீடு திரும்பும்போது பேருந்தில் கம்பியைப் பிடித்திருந்தவள், தன் கையைப் பார்த்தாள். முழங்கையிலிருந்து தூக்கியிருந்தாள். தோள்கள் முன்னால் உருண்டிருந்தன. மேலே கோட்டு இல்லை, மாஸ்டர் இல்லை, யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. சரி, நேராக நிற்போம் என்று நினைத்தாள். தோள் வரவில்லை. இது நெடுநாளாகச் சாத்திக்கிடந்த கதவு. தள்ளினால் திறக்கிற மாதிரி இல்லை. பக்கத்தில் நின்ற ஆள், என்னம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் கைக்காரி கணக்கு முடிக்க மேலே வந்தாள். முதலாளி சாம்பிள் அறையில்தான் இருந்தார். அடுத்த கப்பலுக்கான உடுப்பு பெட்டிமேல் நின்றவள்மேல் ஏறியிருந்தது. கைக்காரி யாரையும் பார்க்காமல், தன் கத்தரிக்கோலை மட்டும் எடுத்துக்கொண்டு போக அனுமதி கேட்டாள், அது அவள் சொந்தக் காசில் வாங்கியது. முதலாளி எடுத்துக்கொள் என்றார்.

"அந்தக் கோட்டை இன்னொரு வாட்டி போட்டுப் பாக்கறேன்" என்றாள் மீடியம்.

பெட்டி பேசியிருந்தால்கூட அவர்கள் அவ்வளவு திகைத்திருக்க மாட்டார்கள். மாஸ்டர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். முதலாளிக்கு அவசரம், ஆனால் மறுப்பதற்குக் காரணம் எதுவும் உடனே கிடைக்கவில்லை. கோட்டு மூலையில்தான் கிடந்தது. அவளே இறங்கி எடுத்து, மாட்டி, பொத்தானைப் போட்டு, மறுபடி ஏறி நின்றாள்.

கோட்டு அழகாக உட்கார்ந்தது. எல்லாரும் பார்த்தார்கள். முன்பு பார்த்ததைத்தான் பார்த்தார்கள். அவள் உள்ளுக்குள் தன் தோளைத் தேடிக்கொண்டிருந்தாள். விடு, விடு என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். சொல்லச்சொல்ல உடம்பு இன்னும் பணிவாகச் சுருங்கியது. நெற்றியில் வியர்த்தது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

கைக்காரிதான் பொறுமை இழந்தாள். "எதுக்குடி இப்போ மேடையேறி எனக்கு வழியனுப்பு விழா நடத்தறே? இறங்கு. ஒனக்கு நல்ல பேரு வாங்கணும்னா வேற எடத்துல வாங்கிக்கோ."

யார் சொன்னால் பொறுத்துக்கொள்ள முடியாதோ அவள் சொல்லிவிட்டாள். மீடியத்துக்குக் கோபம் வந்தது. கோபம் என்று அடையாளம் தெரிவதற்கே கொஞ்ச நேரமாயிற்று, அவ்வளவு பழக்கமில்லாத சமாசாரம். அது வயிற்றிலிருந்து கிளம்பியது, நின்றுபோயிருந்த மூச்சைத் தள்ளிக்கொண்டு வந்தது, நெஞ்சு விரிந்தது, தோள்கள் இரண்டும் பின்னால் போயின. கண்ணெதிரே அவள் கொஞ்சம் பெரியவளானாள். கையைத் தூக்கினாள், இந்தமுறை தோளிலிருந்து. பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. நகத்தைக் கடித்துத் துப்பினால் கேட்கிற சத்தம். அக்குள் தையல் விட்டது.

"இங்கே" என்றாள் அவள். "இங்கேதான் இறுக்குது. முதல் நாள்லேருந்து. நான்தான் சொல்லலை."

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். அதற்கு அவள் மூச்சை அடக்கிக்கொள்ளவில்லை. அப்படியே நின்றாள், கிழிந்த கோட்டோடு.

கதை என்று இருந்தால் இந்த இடத்தில் கைக்காரி ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும். கைக்காரிக்கு வேலை திரும்பக் கிடைத்தது உண்மை. முதலாளி இரண்டு வார்த்தை சமாதானம்கூடச் சொன்னார். ஆனால் திங்கட்கிழமை மாடிப்படி வளைவில் அவள் இல்லை. டப்பாவோடு இயந்திரத்தின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். மீடியம் போய் எதிரில் நின்றாள்.

"அஞ்சு நாளு" என்றாள் கைக்காரி. "அஞ்சு நாளும் எதிர்ல உக்காந்து நான் பொலம்பறதைக் கேட்டுட்டு, சோறும் தின்னுக்கிட்டு இருந்திருக்கே. எம் புருஷன்கிட்ட வேலை போச்சுன்னு சொல்லி, அந்த மனுஷன் அழுது, அதையும் வந்து ஒங்கிட்டதானே சொன்னேன்."

"பயமா இருந்துச்சு."

"என்ன பயம்? மாஸ்டர் என்ன, கடிச்சுத் துப்பிருவாரா?"

"அவர் மூஞ்சி சுருங்கிரும்னு."

கைக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்தாளு மூஞ்சி சுருங்கக்கூடாதுன்னு எங்குடும்பத்தைச் சுருட்டப் பாத்தியே" என்றாள். அதோடு இயந்திரத்தை ஓட்டத் தொடங்கிவிட்டாள். கேட்பதற்கு ஆளில்லாமல் கைக்காரியும், கேட்பதற்குப் பேச்சில்லாமல் அவளும், அன்றிலிருந்து தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

மேலே சாம்பிள் அறையில் இன்னொரு விசாரணை நடந்தது. இத்தனை காலம் அவள்மேல் பார்த்துப் பார்த்து அனுப்பிய உடுப்புகள் எல்லாம் என்ன ஆயிருக்கும் என்று முதலாளிக்குக் கவலை. மாஸ்டர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். அவள் பெட்டிமேல் ஏறினாள். மூச்சை விட்டு நில் என்றார். விட்டு நின்றாள். மார்பு, இடுப்பு, முதுகு, தோள். எழுதி வைத்திருந்த எந்த எண்ணோடும் எதுவும் ஒத்துப்போகவில்லை. முதுகு நன்றாகவே அகலம். மாஸ்டர் இரண்டாவது முறை அளந்தார், டேப்பைத் திருப்பிப் பார்த்தார், பிறகு அளந்தார். அவள் மீடியமே இல்லை.

முதலாளி கண்ணியமான மனிதர். இதைத் தண்டனை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார், அளவு வேறாக இருக்கிறது, அதற்கு யார் என்ன செய்ய முடியும்? பேக்கிங் பக்கம் ஆள் தேவைப்படுகிறது, அங்கே போய்விடட்டும் என்றார். பெட்டிமேல் வேறொரு பெண் வந்தாள். அவளுக்குப் போட்டதெல்லாம் இறுக்கியது, போடாததும் இறுக்கியது, மாஸ்டரின் பெருமூச்சுக்கு அவள் காதே கொடுக்கவில்லை. வந்த மறுநாளே எல்லாரும் அவளை மீடியம் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பழையவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், பேக்கிங்கில் "ஏம்மா" என்றார்கள்.

தன்மானம் வந்தால் முதுகு நிமிரும் என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. நிமிர்ந்த முதுகுக்குப் பழைய சட்டை பற்றாது என்பதை அவர்கள் சொல்வதில்லை. அவளிடம் இருந்த சட்டையெல்லாம் அக்கா எடுத்துக்கொடுத்தது, எல்லாம் சுருங்கியிருந்தவளுக்குத் தைத்தது. இப்போது ஒவ்வொன்றும் அக்குளில் அறுத்தது. முன்பும் அறுத்திருக்கும். தெரியாமல் இருந்தது, தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். தெரிவதனால் வலி குறைவதாகக் காணோம். நாளெல்லாம் அட்டைப்பெட்டிகளை மடித்துக்கொண்டே, தன்னைப் பற்றி இதுவரை தெரிந்ததை அவள் எண்ணிப் பார்த்தாள். கோபம் வரும் என்பது ஒன்று. முதுகு அகலம் என்பது இன்னொன்று. அதற்குமேல் அவளுக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

கட்டிலை மாற்றுகிற வேலை, அத்தானுக்கு முதுகுப் பிடிப்பு என்று தள்ளிப்போய், பிறகொரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தது. அத்தான் பனியனோடு வந்து, பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனையும் கூட்டிக்கொண்டு கட்டிலைத் தூக்கினார். நேராக வரவில்லை, ஒருக்களித்துத் திருப்பினார்கள். கதவு நிலையில் பாதிவரை வந்து, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றது. அக்கா மகள் நடைவழியில் புத்தகங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அக்கா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வேலை நடந்துகொண்டிருக்கையில் சும்மா கேட்டுவைக்கிற கேள்வியாகத்தான் கேட்டாள்.

"உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"இருக்கு" என்றாள் அவள்.

எலக்ட்ரீஷியன் நாசூக்காகக் கூரையைப் பார்த்தார். அக்காவுக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்னவோ, இன்னொருமுறை கேட்டாள். அதே பதில்தான் வந்தது.

"என்ன இருக்கு?"

அவளுக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு. அறை வேண்டுமா? வேண்டும் போலத்தான் இருந்தது. அக்கா மகளுக்குக் கொடுக்க மனமில்லையா? அதுவும் இல்லை, அந்தப் பெண்மேல் அவளுக்குப் பிரியம். நடைவழியில் படுப்பது அவமானமா, குளிரா, செருப்பு நாற்றமா? எதைத் தொட்டாலும் அது மட்டும் இல்லை என்று பட்டது. கோட்டில் அக்குளைக் காட்டியதுபோல இதில் விரல் வைத்துக் காட்ட இடமில்லை.

"தெரியலைக்கா. ஆனா இருக்கு."

அக்காவின் முகம் சுருங்கியது. எந்தச் சுருக்கத்தைப் பார்க்கக் கூடாது என்று இத்தனை வருஷம் தன்னை மடித்து வைத்திருந்தாளோ, அதே சுருக்கம். பார்த்துக்கொண்டு நிற்பது அவள் பயந்ததைவிடக் கஷ்டமாகத்தான் இருந்தது. "யாரோ உனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது. "உனக்காக நான் என்னென்ன பண்ணியிருக்கேன், வேண்டாம்னா முன்னாடியே சொல்றதுக்கென்ன, இப்போ நாலு பேர் எதிர்ல…" அதை முடிக்காமல் உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது, வழக்கத்தைவிட மெதுவாக. அக்கா கோபத்தில் பாத்திரத்தைப் போடுகிறவள் இல்லை. அழும்போதுதான் அவ்வளவு மெதுவாக வைப்பாள்.

அக்கா மகள் சித்தியைப் பார்த்தாள். புதிதாகக் குடிவந்த ஒருத்தியைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. புத்தகங்களைச் செருப்பு ஸ்டாண்டின்மேல் வைத்துவிட்டு, அம்மா பின்னாலேயே போனாள்.

மிஞ்சியது கட்டில். அத்தான் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு முட்டியை மடித்து நின்றிருந்தார், முதுகுப் பிடிப்பு திரும்பிவிடும் என்கிற கலக்கம் முகத்தில் தெரிந்தது. அவர் யார் பக்கமும் சாயாத மனிதர், முக்கியமாகத் தன் வீட்டில்.

"உள்ளே தள்ளணுமா, வெளியே இழுக்கணுமாம்மா?" என்றார்.

உள்ளே என்றால் அக்கா நாளைக்குப் பேச மாட்டாள், மறுநாளும் பேச மாட்டாள். வெளியே என்றால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், எல்லாருக்கும் நிம்மதி, அவளுக்கும்கூட. பதில் நாக்கின் நுனியிலேயே தயாராக இருந்தது, நாக்குக்குப் பழக்கப்பட்ட பதில். அது தானாக வெளியே விழுந்துவிடாதபடி அவள் உதட்டை அழுத்திக்கொண்டாள்.

"கொஞ்சம் இருங்க அத்தான்" என்றாள். "யோசிக்கணும்."

அத்தான் கட்டில் காலைத் தரையில் வைத்தார். எலக்ட்ரீஷியனும் வைத்தார். அவர்கள் காத்திருந்தார்கள். சமையலறையில் சத்தம் நின்றுபோயிருந்தது, அங்கேயும் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. தன் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று தெரியாமல், கதவு நிலையை அடைத்துக்கொண்டிருந்த கட்டிலுக்கு இந்தப் பக்கம் அவளும் காத்திருந்தாள்.